நான்கும் ஓடும்போது

என் தம்பி ஜெயபிரகாஷை அடித்தவர்கள் பதினோரு பேர். முதலில் கையால் அடித்தார்கள். பிறகு செருப்பு. பிறகு, தொழிற்சாலையில் தகடு அழுத்தும் பிரஸ்ஸின் அச்சை மாற்ற வைத்திருக்கும் நீளமான ஸ்பானர். மண்டையில் விழுந்தது ஸ்பானர் அடி என்று போஸ்ட்மார்ட்டம் அறிக்கை சொல்கிறது. ஒன்பது நாள் உயிரோடு இருந்தான். அதில் நான்கு நாள் தெளிவாகப் பேசினான். நான் எதையும் நேரில் பார்க்கவில்லை. அவன் சொன்னதையும், அங்கே வேலை பார்க்கும் தபன் மண்டல் சொன்னதையும், அவனுடைய லேப்டாப்பில் இருந்ததையும் வைத்து எழுதுகிறேன்.

வங்காளத்தில், கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். அப்பா வேலாயுதம் அரக்கோணத்துக்காரர், இங்கே சிக்னல் பிரிவில் மெக்கானிக். ஜெயபிரகாஷுக்கு வீட்டில் தமிழ், தெருவில் வங்காளம், கோபம் வந்தால் இந்தி. கோபம் அடிக்கடி வரும். பதின்மூன்று வயதில், ஒரு விஸ்வகர்மா பூஜை அன்று, மொட்டை மாடியில் பட்டம் விடும் சண்டையில், நூல் சுற்றிய மர லாட்டாயால் ஒரு பையனைப் பின்னாலிருந்து ஓங்கி அடித்தான். காது பாதி கிழிந்து தொங்கியது. அடித்தது யாரென்று அடி வாங்கியவனுக்கே தெரியாது. கீழே கூட்டம் சேர்ந்தபோது எல்லோரும் பக்கத்து வீட்டு ரமேஷ்பாபுவைத்தான் பார்த்தார்கள். அதற்கு முன்னால் இரண்டு சண்டையில் கை நீட்டியவன் அவன். அவனுடைய அப்பா துரைசாமி பெல்ட்டைக் கழற்றி, பக்கிள் இருக்கும் பக்கமாகவே, முற்றத்தில் வைத்து அடித்தார். ரமேஷ்பாபுவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஜெயபிரகாஷ் மாடிப்படியில் நின்று கடைசி வரை பார்த்தான். அன்றைக்கே என்னிடம் உண்மையைச் சொல்லிவிட்டான். நானும் யாரிடமும் சொல்லவில்லை.

அதன் பிறகு அவன் யாரையும் அடித்ததில்லை. சண்டை வந்தால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவான்.

படித்து முடித்து, சால்ட் லேக்கில் செக்டர் ஃபைவ் கம்பெனி ஒன்றில் ஆறு வருடம் ஹைப்பர்வைசர் வேலை பார்த்தான். ஒரே கம்ப்யூட்டருக்குள் நான்கைந்து கம்ப்யூட்டர்கள் தனித்தனியாக ஓடுவதுபோல் செய்கிற மென்பொருள் அது. உள்ளே ஓடுகிறவற்றை விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். அதில் அவனுக்கு ஒதுக்கிய பகுதி, வெளியிலிருந்து வருகிற இண்டரப்ட்டுகளைச் சரியான மெஷினிடம் கொண்டு சேர்ப்பது. இண்டரப்ட் என்றால் ஒரு கருவி கம்ப்யூட்டரைப் பார்த்து, செய்கிற வேலையை நிறுத்து, என்னைக் கவனி என்று தட்டுவது. எனக்கு இது புரியவில்லை என்றபோது அவன் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரைத்தான் உதாரணத்துக்கு இழுத்தான்.

"அக்கா, போஸ் பாபுவை எடுத்துக்கோ. அவர்தான் ஹைப்பர்வைசர்னு வெச்சுக்கோ. அவர் வீட்ல நாலு குடித்தனம். வாசல்ல ஒரே பெல். வீடு முழுக்க ஒரே ஒரு விளக்கு. யார் பெல் அடிச்சாலும் போஸ் பாபுதான் இறங்கிப் போய்ப் பாக்கணும். போகணும்னா குடித்தனக்காரங்க கையில இருக்கற விளக்கைப் புடுங்கிட்டுத்தான் போவார்."

"அப்ப அவங்க இருட்டுல உக்காந்திருக்கணுமா?"

"இருட்டுல. ஆனா இருட்டுன்னு அவங்களுக்கே தெரியாது. அவர் திரும்பி வந்து, உனக்குத்தான்ப்பா பெல்லுன்னு சொல்லி விளக்கைக் குடுப்பார். அவங்க வேலையை முடிச்சிட்டு, முடிஞ்சுதுன்னு மறுபடி அவருக்குச் சொல்லணும். அதுக்கும் ஒரு தடவை விளக்கு போகும்."

"நம்ம போஸ் பாபு ஒரு தடவை படி ஏறினாலே மூச்சு வாங்குவாரே."

"அதான் விஷயம். செகண்டுக்குப் பத்தாயிரம் பெல் அடிச்சா செத்துடுவார். அதனால இப்ப சிப்புலயே ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனிக் கம்பி வெச்சுட்டாங்க. பெல் நேரா அவங்க ரூம்ல அடிக்கும். போஸ் பாபு பாட்டுக்குத் தூங்கலாம்."

அந்தத் தனிக் கம்பிதான் அவனுடைய வாழ்க்கையாக இருந்தது. கம்பெனி வேலையை விட்ட பிறகு, ஹவுராவில் சின்னத் தொழிற்சாலைகளுக்குத் தனியாளாகப் போய்க் கம்ப்யூட்டர் வேலை செய்து கொடுத்தான். பத்து வருடத்துக்கு முந்தைய கம்ப்யூட்டர்கள் அங்கே எண்ணெய்ப் பிசுக்கில் செத்துக்கொண்டிருந்தன. அதே பழைய மென்பொருளை அப்படியே விர்ச்சுவல் மெஷினுக்குள் தூக்கி வைத்து, தூசி புகாத ஒரே பெட்டியில் ஓட வைப்பான். 'மாதிராஜி டாக்டர்' என்று கூப்பிடுவார்கள்; மதராஸி என்பதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

அவன் அடிபட்ட தொழிற்சாலையின் பெயரை எழுதப்போவதில்லை. தகடு அழுத்தும் ஹைட்ராலிக் பிரஸ்கள் நான்கு. ஒவ்வொன்றிலும் இரண்டு பேர். ஒருவன் தகட்டை உள்ளே வைப்பான், மற்றவன் பொத்தானை அமுக்குவான். பிரஸ்ஸின் வாய்க்கு முன்னால் ஒளிக்கற்றைகளாலான ஒரு திரை உண்டு, அங்கே பர்தா என்பார்கள். கை அதைக் கடந்தால் பிரஸ் அந்தரத்திலேயே நின்றுவிட வேண்டும். ஒழுங்காகப் பார்த்தால் அந்தத் திரையின் கம்பி நேரே பிரஸ்ஸின் வால்வுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் ஹவுராவில் வோல்டேஜ் விழும்போதெல்லாம் பிரஸ் காரணமில்லாமல் நின்றது. அதனால் என் தம்பி அங்கே போவதற்குப் பல வருடம் முன்பே யாரோ அந்தக் கம்பியை வெட்டி, கம்ப்யூட்டர் வழியாகச் சுற்றி விட்டிருந்தார்கள். கை திரையை மறித்தது என்ற செய்தி கம்ப்யூட்டருக்குப் போய், கம்ப்யூட்டர் பிரஸ்ஸை நிறுத்தும்.

"அது நேரா போக வேண்டிய கம்பிக்கா. மாத்துங்கன்னு முதலாளி மாலிக்குக்கு எழுதிக் குடுத்தேன்" என்றான் ஆஸ்பத்திரியில். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு தடவைதான் எழுதினேன்" என்றான்.

அங்கே வேலை நடந்த விதத்தையும் சொல்ல வேண்டும். தகடு கோணலாக உட்கார்ந்தால், பிரஸ்ஸை நிறுத்தும் பொத்தானைத் தேட மாட்டார்கள். இறங்கிக்கொண்டிருக்கிற பிரஸ்ஸுக்குள் கையை நீட்டுவார்கள். திரை மறிபட்டுப் பிரஸ் நின்றுவிடும். தகட்டை நேராக்கிவிட்டுக் கையை எடுப்பார்கள். ஒரு ஷிப்டில் முப்பது நாற்பது தடவை. அவர்களுக்குத் திரைதான் பிரேக். ஆறு வருடமாக ஒருவருக்கும் நகக்கண்கூடக் கிழியவில்லை.

போன ஆகஸ்டில் மின்னல் விழுந்து, பிரஸ்ஸுக்கு ஒரு விர்ச்சுவல் மெஷினாக அவன் வைத்துக் கொடுத்திருந்த பெட்டியின் மதர்போர்டு கருகியது. புதிய போர்டு வர ஒரு மாதம் ஆனது, அதுவரை பிரஸ்கள் ஓடவில்லை. ஜெயபிரகாஷ் மாற்றினான். சிப்பில் அந்தத் தனிக் கம்பி வசதியைத் திறந்துவிடும் அமைப்பு, புதிய போர்டில் அணைத்தே வந்திருந்தது. அவன் பார்க்கவில்லை. ஹைப்பர்வைசர் அதைக் குற்றமாகச் சொல்லவும் இல்லை. வன்பொருள் உதவி இல்லை, நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று பதிவேட்டில் ஒரே ஒரு வரி எழுதிவிட்டுப் பழைய போஸ் பாபு வேலைக்குத் திரும்பிவிட்டது.

பிரஸ்களை மறுபடி ஓட்டுவதற்கு முதல் நாள் சோதனை. செப்டம்பர் பதினேழு, விஸ்வகர்மா பூஜை. நம் வீடுகளில் ஆயுத பூஜைக்குப் புத்தகத்தைத் தொடமாட்டோம். அங்கே அன்றைக்கு எந்த மெஷினையும் ஓட்ட மாட்டார்கள். பொட்டு வைத்து, சாமந்தி மாலை போட்டு, வாசலில் இரண்டு வாழைக்கன்று கட்டி, உள்ளே களிமண் சிலை. மெஷின் அன்றைக்குத் தூங்குகிறது, எழுப்பினால் சாபம் என்று ஃபோர்மேன் நிமாய் பாக் சொன்னார். அதனால் பிரஸ்களுக்குக் கரண்ட் கொடுக்காமல், திரையை மட்டும் உயிரூட்டி, கையால் மறித்து, செய்தி எவ்வளவு நேரத்தில் விர்ச்சுவல் மெஷினை அடைகிறது என்று அளந்தான். மூன்று மில்லி செகண்ட். நான்கு பிரஸ்ஸுக்கும் ஒவ்வொன்றாக. எல்லாம் மூன்று. கிச்சடி சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டான்.

பிரஸ்கள் ஓடும்போது ஒவ்வொன்றின் அளவுமானியும் ஒரு செகண்டில் ஆயிரக்கணக்கான தடவை கம்ப்யூட்டரைத் தட்டும். தூங்கும் மெஷின் தட்டாது. காலியான வீட்டில் பெல் அடித்துப் பார்த்திருக்கிறான்.

அன்று மாலை மொட்டை மாடியில் பட்டம் விட்டார்கள். மூன்றாம் பிரஸ்ஸின் ஜோடி, ஷம்பு சௌவும் தபன் மண்டலும். ஷம்பு தகடு வைப்பவன், தபன் பொத்தான் அமுக்குபவன். தபன் ஷம்புவின் பட்டத்தை அறுத்தான். ஷம்பு அவன் அம்மாவை இழுத்தான். இரண்டு பேரும் குடித்திருந்தார்கள். தபன் அவனுடைய கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து அழுத்தி, "நாளைக்கு உன் கையை வாங்கறேன்டா, ஷாலா" என்றான். இருபது பேர் கேட்டார்கள்.

மறுநாள் காலை நான்கையும் ஓட்டத் தொடங்கிப் பத்து நிமிடத்தில், பதினொன்று பத்துக்கு, மூன்றாம் பிரஸ்ஸில் தகடு கோணலாக உட்கார்ந்தது. தபன் பொத்தானை அமுக்கியிருந்தான். ஷம்பு வழக்கம்போல இரண்டு கையையும் உள்ளே நீட்டினான். பிரஸ் நிற்கவில்லை. இறங்கியது. இறங்கி முடிக்கிற நேரத்தில் நிறுத்தச் சொல்லும் செய்தி வந்து சேர்ந்தது, உடனே நின்றது. ஷம்புவின் இரண்டு முழங்கையும் அதற்குள் இருந்தன.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என் தம்பியால் சொல்ல முடியவில்லை. கை திரையை மறித்துக்கொண்டிருக்கும் வரை பிரஸ்ஸை மேலே தூக்கவும் கம்ப்யூட்டர் அனுமதிக்காது. பாதுகாப்புக்காக அப்படி எழுதப்பட்டது. பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தார்கள். ஷம்பு நின்றபடியே கத்தினான். கடப்பாரையும் பாரம் தூக்கும் செயின் பிளாக்கும் கொண்டுவந்து பன்னிரண்டு நிமிடத்தில் தூக்கினார்கள். தூக்கியபோது கைகள் அவனோடு வரவில்லை. தெரு முழுக்கச் சிலையைக் கரைக்கப் போகும் லாரிகளும் மேளமும். ஆம்புலன்ஸ் நாற்சந்தியிலேயே நின்றது. தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். மேளக்காரர்கள் பக்கத்தில் போகும்போதே ஷம்பு இறந்துவிட்டான்.

ஓடியவர்கள் வெறும் கையோடு திரும்பி வந்தார்கள். தபனைப் பிடித்தார்கள். அதே செயின் பிளாக்கின் சங்கிலியால் தூணில் கட்டினார்கள்.

மாலிக் ஃபோன் செய்ததும் ஜெயபிரகாஷ் படகில் ஆற்றைக் கடந்து ஒரு மணிக்குப் போய்ச் சேர்ந்தான். மாலிக் வாசலிலேயே நிறுத்தி, "உள்ள போய் மிஷின் சரியா இருக்குன்னு ஒரு காகிதம் எழுதிக் குடு, அது போதும்" என்றார். உள்ளே போகும்போது தபனின் தாடை ஏற்கெனவே உடைந்து, ஒரு கண் மூடியிருந்தது. ஒருவன் ரப்பர் ஹோஸால் அவனுடைய தொடையில் அடித்துக்கொண்டிருந்தான். "பர்தா இருக்கும்போது எப்படிடா கை நசுங்கும்? நீ என்னடா செஞ்ச?" என்று நிமாய் பாக் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். ஷம்பு அவருடைய தங்கை மகன்.

ஜெயபிரகாஷ் பெட்டி இருந்த கண்ணாடி அறைக்குள் போய்ப் பதிவேட்டைத் திறந்தான். திரை மறிபட்ட நேரம், அந்தச் செய்தி மூன்றாம் பிரஸ்ஸின் விர்ச்சுவல் மெஷினை அடைந்த நேரம். நடுவில் நானூற்றுப் பதினாறு மில்லி செகண்ட். மேலே தேடிப் போனான். அந்த ஒரே வரியைப் பார்த்தான்.

அந்த ஊரில் அதைப் படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். பெட்டியை அணைத்து, அமைப்பை மாற்றி, மறுபடி போட்டிருந்தால் மூன்று நிமிடத்தில் எல்லாம் சரியாகியிருக்கும். பதிவேட்டை அழிக்க ஒரு கட்டளை.

"கை வெச்சுட்டேன்க்கா" என்றான் என்னிடம். "அழிக்கற கமாண்டை அடிச்சிட்டேன். எண்டர் மட்டும்தான் பாக்கி. வெளியில தபன் கத்தறதை நிறுத்திட்டான். ஹோஸ் விழற சத்தம் மட்டும் வருது. அதுக்கப்பறம் என்னால உக்கார முடியல."

வெளியே வந்து, "அவன் ஒண்ணும் செய்யல. பர்தா லேட்டா வேலை செஞ்சுது. தப்பு பெட்டியில. பெட்டி என்னோடது" என்றான்.

யாரோ சிரித்தார்கள். "தபன் எவ்வளவு குடுத்தான் மாதிராஜி, அவனைக் காப்பாத்த?"

"காட்டறேன். பத்து நிமிஷம் குடுங்க. அதுவரைக்கும் அவனை அடிக்காதீங்க."

நிமாய் பாக் ஹோஸ் வைத்திருந்தவனின் கையைப் பிடித்தார். "பத்து நிமிஷம்" என்றார். "பத்தே நிமிஷம்."

வாசலில் கட்டியிருந்த வாழைக்கன்று ஒன்றை வெட்டி வரச் சொன்னான். கை தடிமனுக்கு இருந்தது. முதலாம் பிரஸ்ஸை மட்டும் ஓட்டினான். பிரஸ் இறங்கும்போது வாழையை உள்ளே நீட்டினான். பிரஸ் சட்டென்று நின்றது. வாழையில் கீறல்கூட இல்லை.

"பாத்தியா, நல்லாத்தானே நிக்குது" என்று கூட்டம் தபனை நோக்கித் திரும்பியது. ஒருவன் தபனின் வயிற்றில் உதைத்தான்.

"இருங்க. நேத்து நானும் இதைத்தான் பாத்தேன். இப்ப நாலையும் ஓட்டுங்க."

மூன்றாம் பிரஸ்ஸின் அருகே யாரும் போகவில்லை. தரை இன்னும் கழுவப்படவில்லை. நிமாய் பாக்கே போய் அதை ஓட்டினார். நான்கும் ஓடின. ஜெயபிரகாஷ் வாழையை மறுபடியும் முதலாம் பிரஸ்ஸுக்குள் நீட்டினான். பிரஸ் இறங்கி வந்து அதைப் பிடித்தது. பட்டை கிழிந்து, தண்ணீரும் நாரும் முன்னால் நின்றவர்களின் முகத்தில் அடித்தன. அதற்குப் பிறகுதான் பிரஸ் நின்றது. அவன் கையில் மீதித் துண்டு மட்டும் இருந்தது.

பிரஸ்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். சத்தம் அடங்கியது. தபனின் சங்கிலியை நிமாய் பாக் தன் கையாலேயே கழற்றினார். தபன் கீழே சரிந்து உட்கார்ந்ததை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் என் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நேத்து நீ நாலையும் ஓட்டிப் பாத்தியா?" என்று நிமாய் பாக் கேட்டார்.

"இல்ல, நிமாய் காக்கு."

"ஏன் பாக்கல?"

"நேத்து பூஜை. மிஷின் தூங்குதுன்னு நீங்கதான் சொன்னீங்க. நானும் சரின்னுட்டேன். இன்னிக்குக் காலையில வந்து பாத்திருக்கணும். வரல."

முதல் அறை நிமாய் பாக் கொடுத்தது. அதற்கு அப்புறம் யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. இரண்டு பேர் கையைப் பின்னால் முறுக்கினார்கள், தோள்பட்டை கழன்றது. செருப்பால் வாயில் அடித்தார்கள். கீழே விழுந்ததும் விலாவில் மிதித்தார்கள். ஒருவன், "இவன் கையையும் உள்ள வைங்கடா" என்று கத்தினான். இழுத்துக்கொண்டு போனார்கள். வலது கையை மூன்றாம் பிரஸ்ஸுக்குள் நீட்டிப் பிடித்தார்கள். பொத்தானை அமுக்க யாருக்கும் கை வரவில்லை. ஒருவன் தபனை அழைத்தான். "நீ அமுக்கு. உன்னையத்தானே இவனால அடிச்சோம்." தபனால் வாயைத் திறக்க முடியவில்லை. ஊர்ந்து போய்ச் சுவரில் இருந்த மெயின் சுவிட்சின் மேல் உடம்பைச் சாய்த்து அதைக் கீழே இறக்கினான். விளக்கெல்லாம் அணைந்தது. அந்த ஆத்திரத்தில்தான் ஸ்பானர் வந்தது. ஒரே அடி. போலீஸ் அதற்கு இருபது நிமிடம் கழித்து வந்தது.

ஆஸ்பத்திரியில் நான்காம் நாள் அவன் என்னைக் கேட்டான்: "ரமேஷ்பாபு இப்ப எங்கக்கா இருக்கான்?"

"கரக்பூர்ல. ரயில்வேயிலதான்."

"முதுகுல தழும்பு இருக்குமா?"

எனக்குத் தெரியாது என்றேன்.

அன்று மத்தியானம் அவன் சொல்லச் சொல்ல நான் ஒரு தாளில் வங்காளத்தில் எழுதினேன். உதடு வீங்கியிருந்ததால் ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தடவை சொன்னான். திரைக் கம்பியை நேரே வால்வுக்குப் போடு. போர்டு மாற்றினால் வன்பொருள் உதவி திறந்திருக்கிறதா என்று முதலில் பார். தினமும் காலையில் நான்கும் ஓடும்போது வாழையை வைத்துப் பார், பிறகு கையை வை. கையெழுத்துப் போட முடியவில்லை. கட்டைவிரலை வைத்தான். மறுநாள் பேச்சு நின்றது. ஒன்பதாம் நாள் காலை இறந்தான்.

ஜனவரியில் தொழிற்சாலையை மறுபடி திறந்தார்கள். உடைந்த தாடை கோணலாகக் கூடியிருந்த தபன் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனான். படகில், "தீதி, அங்க அவங்கள்ல நாலு பேர் ஜாமீன்ல வந்து வேலை செய்யறாங்க. வேண்டாம்னா இறங்கிடலாம்" என்றான். நான் தாளைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றேன்.

தாளைப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். திரைக் கம்பிகள் வால்வுக்கு நேரே போயிருந்தன. பெட்டியும் இருந்தது. யாரோ அதன் அமைப்பைச் சரிசெய்திருந்தார்கள். தபன் தாளின் கடைசி வரியைப் படித்துக் காட்டி, நான்கு பிரஸ்ஸையும் ஓட்டச் சொன்னான். தரை அதிர்ந்தது. மூன்றாம் பிரஸ்ஸில் நின்றிருந்த இளைஞன் வாழைத்தண்டை எடுத்து, இறங்குகிற பிரஸ்ஸுக்குள் நீட்டினான். பிரஸ் நின்றது. தண்டு முழுசாக வெளியே வந்தது.

ஸ்பானரைப் பிடித்தவன் அவன்தான். குற்றப்பத்திரிகையில் அவனுடைய படத்தைப் பார்த்திருக்கிறேன். நான் யாரென்று அவனுக்கும் யாரோ சொல்லியிருக்க வேண்டும். அந்தத் தண்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு என்னிடம் நீட்டினான். தண்டின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

வாங்கிக்கொண்டேன். நான்கும் ஓடிக்கொண்டிருந்தன. அவன் திரும்பிப் போய் முதல் தகட்டை உள்ளே வைத்தான்.